ஆளுக்கொரு பிடி மண்

நேயர்களுக்கு வணக்கம்.

அம்மாவோ அப்பாவோ காலமான பிறகு, இலையுதிர் காலத்தில் குடும்பம் ஒன்றுகூடும்போது, அவர் நினைவாக ஒரு மரம் நடலாமே என்ற பேச்சு எழுவதுண்டு. நல்ல எண்ணம், காலமும் பொருத்தமானது. இலை உதிர்ந்த கன்றுக்குத் தண்ணீர் அதிகம் வேண்டாம். காற்று குளிர்ந்தாலும் மண்ணில் கோடையின் சூடு மிச்சமிருக்கும். அந்தச் சூட்டில் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். மண் உறையும் ஊர்களில், அதற்கு நாலைந்து வாரம் முன்பே நட்டுவிட வேண்டும்.

இப்படி ஆசையாக நட்ட மரம் ஏழெட்டு ஆண்டு கழித்துக் காரணம் புரியாமல் வாடினால், அந்த வீட்டுக்கு அது இரண்டாவது இழவு. காரணம் பெரும்பாலும் நட்ட அன்றே உண்டானது. ஆழம்தான் அது.

கன்றின் அடித்தண்டைப் பாருங்கள். முதல் வேர்கள் பிரியும் இடத்தில் தண்டு சற்று விரியும். அதுதான் வேர்க்கழுத்து. அது மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். தொட்டியில் வளர்ந்த கன்றில் அது ஏற்கெனவே புதைந்திருக்கலாம். கம்பம் நட்டதுபோல் தண்டு நேராக மண்ணுக்குள் இறங்கினால் சந்தேகப்படுங்கள். மேல்மண்ணை விரலால் சுரண்டி முதல் தடித்த வேரைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து வேர்ப்பந்தின், அதாவது வேரும் அதைப் பற்றிய மண்ணும் சேர்ந்த உருண்டையின், அடிவரை எவ்வளவோ, அவ்வளவுதான் குழியின் ஆழம். 2 சென்டிமீட்டர் குறைந்தால் பாதகமில்லை; கூடவே கூடாது. அகலம் மட்டும் வேர்ப்பந்தைப்போல இரண்டு மூன்று மடங்கு. குழியின் அடியைக் கிளறாதீர்கள். கிளறிய மண் நனைந்ததும் அமிழும், கன்றும் கூடவே இறங்கிவிடும்.

திரும்பவும் சொல்கிறேன்: ஆழம் குறைவு, அகலம் அதிகம்.

தண்டின் பட்டை ஈர மண்ணுக்குள் கிடக்க உண்டானதல்ல; மூடினால் அழுகும். அடியில் இருக்கும் வேர்களுக்குக் காற்று எட்டாது. மேலே வரும் புது வேர்கள் தண்டையே சுற்றிக்கொள்ளலாம். தண்டு பருக்கப் பருக்க அந்த வேர் சுருக்குக் கயிறாக இறுகும். அதனால்தான் கேடு வெளியே தெரியப் பல ஆண்டுகள் ஆகின்றன.

குடும்பமாக நடும்போது இந்தத் தவறு இன்னும் சுலபமாக நேரும். இருபது பேர் சுற்றி நிற்பார்கள். ஆளுக்கொரு பிடி மண். பேத்தி கண்ணீரோடு போட்ட மண்ணை வழித்தெடுக்க யாருக்கு மனம் வரும்? முடிவில் தண்டைச் சுற்றி ஒரு மேடு எழுந்துவிடும். ஆகவே வேலையை முன்கூட்டியே பிரித்துவிடுங்கள். ஒருவர் கன்றைப் பிடித்துக்கொண்டு கழுத்துக்குக் காவல் இருக்கட்டும். பெரியவர்கள் தங்கள் பிடி மண்ணைக் குழியின் ஓரத்தில் போடட்டும். குழி நிரம்பியதும் மண் போதும். அடுத்தவர்கள் ஆளுக்கொரு குவளை தண்ணீர் ஊற்றலாம். குழந்தைகள் உதிர்ந்த இலைகளை அள்ளி வந்து, காய்ந்ததாகப் பார்த்து நொறுக்கி, 5 முதல் 8 சென்டிமீட்டர் கனத்துக்கு வட்டமாகப் பரப்பட்டும். நொறுக்காத ஈர இலை பாய்போல ஒட்டிக்கொண்டு தண்ணீரை உள்ளே விடாது. மூடாக்கு எதுவானாலும் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும்.

அஸ்தியைக் குழியில் இட விரும்புகிறவர்கள் உண்டு. சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். அந்தச் சாம்பலில் உப்பும் காரத்தன்மையும் மிக அதிகம். மொத்தமாகக் கொட்டினால் இளவேர் கருகும். ஒரு பிடி மட்டும் எடுத்து, நிறைய மண்ணில் கலந்து, வேர்ப்பந்துக்கு எட்டாத தூரத்தில் தூவுங்கள்.

பெரிய மரமாக வாங்கி நட்டால்தான் மரியாதை என்று எண்ண வேண்டாம். தண்டின் விட்டத்தில் ஒவ்வொரு 2.5 சென்டிமீட்டருக்கும், வேரூன்ற ஏறத்தாழ ஓராண்டு பிடிக்கும். சிறு கன்று முந்திக்கொள்ளும்.

நேரம் நெருங்கிவிட்டது, மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஊன்றுகோல் கட்டினால் தளர்வாகக் கட்டி, ஓராண்டில் எடுத்துவிடுங்கள். பெயர்ப்பலகையைக் கம்பியால் தண்டில் கட்டாதீர்கள், பட்டைக்குள் புதைந்துவிடும். தனிக் குச்சியில் நடுங்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் கூடும்போது, ஒரே உயரத்தில் நாடாவைச் சுற்றித் தண்டின் சுற்றளவைக் குறித்து வையுங்கள். நாடாவை எடுக்கும் முன், அடியில் கிடக்கும் இலையை ஒதுக்கிக் கழுத்து தெரிகிறதா என்று பாருங்கள்.

வணக்கம்.