மணலுக்குள் ஒரு சிங்கப்பூர்

(அமெரிக்காவின் மேற்கு மிச்சிகனில் நடந்த தமிழர் பொங்கல் விழாவில் பேசியது. மணி அடித்ததால் மேடையில் விட்டுப்போன ஓரிரண்டு வரிகளை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, பொங்கலின் பெருமையை ஐம்பது நிமிடங்களில் சுருக்கமாக எடுத்துரைத்து அமர்ந்திருக்கும் பேராசிரியர் அவர்களே, செயலாளர் அவர்களே, பொருளாளர் அவர்களே (ரசீதுகளை நாளை தந்துவிடுகிறேன்), கோலப் போட்டியில் பரிசு பெற்ற தாய்மார்களே, நியாயமாகப் பரிசு பெற்றிருக்க வேண்டிய தாய்மார்களே, இந்தப் பனியிலும் கார் ஓட்டி வந்திருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

முதல் வரிசையில் இருக்கும் அம்மையாருக்குத் தனி வணக்கம் சொல்ல வேண்டும். அலிகன் கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம்போல) பழைய நில வரைபடங்களை எனக்கு விரித்துக் காட்டியவர் அவர்தான். அவருக்குத் தமிழ் தெரியாது. செயலாளரின் மகள் அவர் காதோரம் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறாள். ஆகவே நீங்கள் சிரித்து முடித்த பிறகு அவர் சிரித்தால் யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். சற்று முன்பு போர்த்திய பொன்னாடையைத் தொட்டுப் பார்த்து, இது என்ன விலை இருக்கும் என்று அவர் கேட்டபோது பொருளாளரின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். நல்ல வேளை, அதை யாரும் மொழிபெயர்க்கவில்லை.

எனக்குக் கொடுத்த தலைப்பு ‘நம் கவுண்டியில் காணாமல் போன ஊர்கள்’. கொடுத்த நேரம் இருபது நிமிடம். இங்கே ஊர்கள் செத்ததற்கு மூன்று காரணங்கள்: மரம், தண்டவாளம், தபால். மூன்றையும் ஒவ்வொன்றாக விளக்கப் போகிறேன்.

அதற்கு முன் ஒரு பழமொழி. இன்று அறுவடைத் திருநாள், அதனால் களத்து மேட்டிலிருந்தே எடுத்துக்கொள்கிறேன். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள். இதை விட்டால் உங்களுக்கு வேறு பழமொழியே தெரியாதா என்று என் மனைவி கேட்பார். தெரியும். ஆனால் இந்த ஊர்க் கதைக்கு இதுதான் பொருந்துகிறது.

கலமசூ ஆறு மிச்சிகன் ஏரியில் கலக்கும் முகத்துவாரத்தில், இன்றைய சாகடக் ஊருக்கு வடக்கே, சிங்கப்பூர் என்று ஓர் ஊர் இருந்தது. ஆமாம், சிங்கப்பூர்தான். நம் வீடுகளில் சிங்கப்பூர் என்றால் சித்தப்பா, தைலம், தங்கச் சங்கிலி. இந்தச் சிங்கப்பூருக்குப் போகப் பாஸ்போர்ட் வேண்டாம், மண்வெட்டி போதும். ஊர் முழுவதும் மணலுக்கு அடியில் கிடக்கிறது.

1836இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஓஷியா வைல்டர் என்ற நிலத் தரகர் இதைத் தொடங்கினார். ஆசியாவின் சிங்கப்பூரில் ஆங்கிலேயர் துறைமுகம் போட்டு அப்போது பதினேழு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அரசு நிலம் ஏக்கர் ஒன்றேகால் டாலருக்கு விற்ற காலம் அது. அந்த ஆண்டு நாட்டிலேயே மிக அதிகமாக நிலம் விற்ற அலுவலகம் நம் கலமசூ நில அலுவலகம்தான். வாங்கியவர்களில் பாதிப் பேர் உழ வந்தவர்கள் அல்லர், தாளில் ஊர் வரைய வந்தவர்கள். சிகாகோவுக்கும் மில்வாக்கிக்கும் போட்டியாக ஒரு நகரம் என்று சொல்லி மனை விற்றார்கள். காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பதைத் தமிழ் தெரியாமலே கற்றவர்கள்.

மர அறுவை ஆலைகள் வந்தன. இரண்டு விடுதிகள், சில கடைகள் வந்தன. தெற்கே இருந்த சாகடக்கிற்கு அப்போது ‘ஃபிளாட்ஸ்’ என்று பெயர். சிங்கப்பூர்க்காரர்கள் அதை ஓர் ஊராகவே மதிக்கவில்லை. ஏனென்றால் சிங்கப்பூரில் வங்கி இருந்தது.

அந்த வங்கியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை.

1837 ஜனவரியில் மிச்சிகன் மாநிலமானது. மார்ச்சில், யார் வேண்டுமானாலும் வங்கி தொடங்கலாம் என்று சட்டம் போட்டார்கள். ஓராண்டுக்குள் நாற்பதுக்கும் மேற்பட்ட வங்கிகள் முளைத்தன. காட்டுப்பூனை மட்டுமே போய் வரக்கூடிய காட்டுக்குள் பல வங்கிகள் இருந்ததால் அவற்றுக்குக் காட்டுப்பூனை வங்கிகள் என்றே பெயர் வந்துவிட்டது. நோட்டு அச்சடித்துக்கொள்ளலாம், ஆனால் பெட்டியில் பொன்னோ வெள்ளியோ நாணயமாக இருக்க வேண்டும். அதைச் சரிபார்க்க மாநில ஆணையர்கள் ஊர் ஊராகப் போனார்கள். அவர்களில் ஒருவரான அல்ஃபியஸ் ஃபெல்ச் பின்னாளில் மாநில ஆளுநராகவே ஆனார். மேலே நாணயமும் அடியில் ஆணியும் கண்ணாடித் துண்டும் நிரப்பிய பெட்டிகளையெல்லாம் அவர்கள் பார்த்தார்கள்.

இனி வருவது வாய்வழிக் கதை, பதிவேட்டில் தேடாதீர்கள். ஆற்றின் மேற்பகுதியில் அலிகன் நகரிலும் ஒரு வங்கி, முகத்துவாரத்தில் சிங்கப்பூரிலும் ஒரு வங்கி. இரண்டுக்கும் சேர்த்து இருந்தது ஒரே நாணய மூட்டை. ஆணையர் அலிகனுக்கு வருகிறார், மூட்டையை எண்ணுகிறார், சரியாக இருக்கிறது, கையெழுத்துப் போடுகிறார். ‘ஐயா இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள், ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்’ என்று பிடித்துக்கொள்கிறார்கள். கதையில் இலையில் என்ன போட்டார்கள் என்று இல்லை, நான் வறுத்த வாத்து என்று வைத்துக்கொள்கிறேன். வாத்தை விடக் கோப்பைதான் முக்கியம். அவர் குடிக்கக் குடிக்க, பின்வாசல் வழியாக மூட்டை தோணியில் ஏறி ஆற்றோடு சிங்கப்பூருக்குப் போகிறது. மறுநாள் தலைவலியோடு அவர் அங்கே போய் எண்ணினால், அடடா, அங்கேயும் சரியாக இருக்கிறது! ஒருமுறை தோணி கவிழ்ந்து மூட்டை ஆற்றுக்குள் போய்விட்டது என்றும், அதைத் துழாவி எடுக்கும்வரை ஆணையரின் கோப்பை காலியாகாமல் பார்த்துக்கொண்டார்கள் என்றும் சொல்கிறார்கள்.

எங்கள் தெருவில் ஒரு வெள்ளிக் குத்துவிளக்கு இருந்தது. யார் வீட்டில் பெண் பார்க்க வந்தாலும் அது அந்த வீட்டுக் கூடத்தில் நிற்கும். ஒரு நாள் காலையில் மூன்றாம் வீட்டில் பெண் பார்த்த அதே மாப்பிள்ளை வீட்டார், ஜாதகம் பொருந்தவில்லை என்று மாலையில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். என் அத்தையைப் பார்க்கத்தான். மாப்பிள்ளையின் தாயார் அத்தையைப் பார்க்கவே இல்லை. விளக்கையே உற்றுப் பார்த்தார். பிறகு நிதானமாக, ‘காலையில் இதில் திரி வலப்பக்கம் இருந்தது’ என்றார். கல்யாணம் நடந்தது, அது வேறு கதை. ஆணையர்களோடு அந்த அம்மாளையும் அனுப்பியிருந்தால் சிங்கப்பூர் வங்கி இரண்டு நாள் தாங்கியிருக்காது.

நாட்டிலேயே பண நெருக்கடி வந்து வங்கிகள் கவிழ்ந்தபோது இதுவும் கவிழ்ந்தது. அன்று செல்லாமல் போன அந்த நோட்டுகளைச் சேகரிப்பாளர்கள் இன்று முகமதிப்பைவிடப் பல மடங்கு கொடுத்து வாங்குகிறார்கள். ஊர் போய்விட்டது, பெயர் அச்சான தாள் மிஞ்சியது. பெயரை எங்காவது எழுதி வைக்க வேண்டும் என்று நான் வீடு வீடாக வந்து சொல்வது இதனால்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

வங்கி போனாலும் மரம் இருந்தது. வெள்ளைப் பைன் மரங்களை அறுத்து ஏரி வழியே அனுப்பியே ஊர் முப்பது ஆண்டுகள் நன்றாகப் பிழைத்தது. 1871 அக்டோபர் 8ஆம் தேதி சிகாகோ எரியத் தொடங்கியது. அதே இரவில் விஸ்கான்சினில் பெஷ்டிகோ எரிந்தது, நமக்குப் பக்கத்திலேயே ஹாலந்து நகரம் எரிந்தது. எரிந்த நகரங்களுக்கெல்லாம் பலகை வேண்டும். ஆலைகளுக்குக் கை ஓயாத வேலை. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று இருந்த மரத்தையெல்லாம் வெட்டித் தள்ளினார்கள்.

நெல் தூற்றும்போது எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று களத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். பதர் நம் முகத்தில் அடிக்காத பக்கம் நிற்க வேண்டும். இங்கே காற்று ஏரியிலிருந்து, மேற்கிலிருந்து வருகிறது. கரையெல்லாம் மணல்மேடு. அந்த மேட்டைப் பிடித்து நிறுத்தியது மரத்தின் வேர், காற்றைத் தடுத்தது மரத்தின் உடல். இரண்டும் போன பிறகு மணல் நகர்ந்தது. வெள்ளமாக இருந்தால் ஒரே இரவில் முடிந்திருக்கும். மணல் அவசரப்படாது. முதலில் வாசற்படி, பிறகு திண்ணை உயரம், பிறகு சன்னல். 1875 வாக்கில் ஆலைகள் ஓய்ந்தன, மக்கள் வெளியேறினார்கள். சில வீடுகளை அப்படியே பெயர்த்துச் சாகடக்கிற்குக் கொண்டுபோனார்கள். எந்த ஊரை ஊராக மதிக்கவில்லையோ அங்கேயே போய்க் குடியேறினார்கள். ஒருவர் மட்டும் போக மறுத்து, கீழ்த்தளம் மூடிய பிறகு மாடிச் சன்னல் வழியாக ஏறி இறங்கி வாழ்ந்தார் என்று ஒரு கதை உண்டு. அவரை எனக்கு மிகவும் பிடிக்கும்.

இதை ஆங்கிலத்தில் பேய் நகரம் என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. பேய் இருந்தால் நல்லதாயிற்றே, யார் எந்த வீட்டில் இருந்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளலாமே!

அடுத்தது தண்டவாளம். கவுண்டிக்குள் ஒரு சிறு பிரிவான கங்கீஸ் டவுன்ஷிப்பில் பியர் கோவ் என்ற இடம். கங்கைதான் இங்கே கங்கீஸ் ஆகியிருக்கிறது, அது இன்னொரு நாள். 1839இல் மனை பிரித்த ஊர். செயின்ட் ஜோசப்புக்கும் மஸ்கீகனுக்கும் இடையில் பரபரப்பான துறை என்று பெயரெடுத்தது. விறகும் தோல் பதனிடும் பட்டையும் சிகாகோவுக்குப் போயின. பிறகு பீச் பழம் போனது. இரயில் பாதை கரையை விட்டு உள்ளே, ஃபென்வில் வழியாகப் போய்விட்டது. 1899 உறைபனியில் பீச் மரங்களும் பட்டுப்போயின. இப்போது அங்கே போனால் அலைச்சத்தமும் ஒரு பலகையும்தான்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் தவறாகும். இந்த ஊர்களுக்கு முன்பும் இங்கே ஊர்கள் இருந்தன. கவுண்டியின் வடக்கே, 1839இல் வாக்கசூ என்ற தலைவரின் கீழ் ஒடாவா என்னும் பூர்வகுடி மக்கள் ஜார்ஜ் ஸ்மித் என்ற பாதிரியாரோடு சேர்ந்து குடியிருப்பு அமைத்தார்கள். 1847இல் டச்சுக்காரர்கள் வந்து பக்கத்தில் ஹாலந்தை உருவாக்கினார்கள். 1849இல் ஒடாவா மக்கள் படகேறி வடக்கே போய்விட்டார்கள். பாதிரியாரும் அவர்களோடு போனார். ‘அலிகன்’ என்பதுகூடப் பூர்வகுடிச் சொல்போல ஒலிக்கும்படி ஹென்றி ஸ்கூல்கிராஃப்ட் என்பவர் உருவாக்கிய பெயர். மக்களை அனுப்பிவிட்டு அவர்கள் சொல்லைப்போல ஒரு சொல்லைச் செய்து வைத்துக்கொள்வது எனக்கு நெருடலாக இருக்கிறது. அம்மையார் தலையசைக்கிறார். மொழிபெயர்ப்பு வந்து சேர்ந்துவிட்டது.

மூன்றாவது தபால். 1896இல் வீடு தேடி வரும் கிராமத் தபால் தொடங்கியது, சிற்றூர்த் தபால் நிலையங்கள்... தலைவர் மணியைத் தொட்டுவிட்டார். சரி, தபாலை விட்டுவிடுகிறேன். அது தனிக் கூட்டத்திற்குரியது.

ஐந்து நிமிடம் மட்டும் கொடுங்கள், என் கோரிக்கையைச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூருக்குச் சாகடக்கில் மாநிலத்தின் நினைவுப் பலகை இருக்கிறது. பியர் கோவுக்கும் இருக்கிறது. அந்தப் பலகையை அரசு சும்மா நடாது, கேட்பவர்தான் செலவை ஏற்க வேண்டும். கேட்பாரற்ற நாற்சந்திகளுக்கு யார் கேட்பது? மாநிலப் பலகை கிடைக்காவிட்டால் மரப்பலகை போதும். ஊர்ப் பெயரும் ஆண்டும் இருந்தால் போதும். ஆனால் பலகை எழுத முதலில் பெயர் தெரிய வேண்டும். பெயர்கள் இருப்பது சிறு கல்லறைத் தோட்டங்களில். அக்காலத்து வெள்ளைச் சலவைக்கல் மழையிலும் பனியிலும் சர்க்கரைபோலக் கரைகிறது. போன கோடையில் விரலால் தடவிப் படித்த ஓர் எழுத்து இந்தக் கோடையில் இருக்காது. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள், கடைசித் தடவையாகச் சொல்கிறேன்.

நாம் கல்வெட்டு படித்த கூட்டம். ஏப்ரலில் பனி உருகியதும் ஞாயிறு தோறும் போகலாம். டவுன்ஷிப் அனுமதியை நான் வாங்கிவிடுகிறேன். தண்ணீரும் மென்மையான தூரிகையும் மட்டும் கொண்டு வாருங்கள். கம்பித் தூரிகை கூடாது, வெளுப்பு மருந்து கூடவே கூடாது. ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி வேண்டும். வெயிலைச் சாய்வாகக் கல்லின் மேல் அடித்தால் அழிந்த எழுத்தும் நிழல் காட்டும். குழந்தைகள் இதில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள்.

வாசலில் வடை வைத்திருக்கும் மேசைக்குப் பக்கத்தில் ஒரு தாள் இருக்கிறது. பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதுங்கள். எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு எழுதுங்கள், போன ஆண்டு பாதிப் பெயர்களை என்னால் படிக்க முடியவில்லை. பேனா பொருளாளருடையது, நூலில் கட்டியிருக்கிறார்.

வணக்கம்.