பை டூ காபியும் இரண்டு விரலும்

வணக்கம் மக்களே. வண்டிக்குள் உட்கார்ந்து பேசுகிறேன், அதனால் வெளிச்சம் சுமாராகத்தான் இருக்கும், நடுவில் ஹாரன் சத்தமும் கேட்கும், பெங்களூரு இல்லையா, பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு ஒரு காபிக் கடையைப் பற்றிப் பேசப்போகிறேன், ஆனால் கடையைக் காட்டப்போவதில்லை. ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

எங்கள் அலுவலக வளாகத்தில் கீழ்த்தளத்தில் மிட்டி கஃபே இருக்கிறது. பெங்களூரில் இருப்பவர்கள் விமான நிலையத்திலோ ஏதாவது ஒரு ஐடி வளாகத்திலோ பார்த்திருப்பீர்கள். மிட்டி என்றால் இந்தியில் மண். லாப நோக்கம் இல்லாத அமைப்பு. காபி போடுவது, ஆர்டர் எடுப்பது, மேசை துடைப்பது, கல்லாவில் உட்காருவது எல்லாமே மாற்றுத்திறனாளிகள்தான். காது கேளாதவர்கள், பார்வைக் குறைபாடு உள்ளவர்கள், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள், சக்கர நாற்காலியில் இருப்பவர்கள். 2017இல் அலீனா ஆலம் என்கிற பெண் ஹூப்ளியில் ஒரு கல்லூரி வளாகத்தில் ஆரம்பித்தது, அப்போது அவருக்கு வயது இருபத்துச் சொச்சம்தான். கையில் காசு கிடையாது, கிடைத்தது ஒரு பழைய கொட்டகை, அதைக் கூட்டிப் பெருக்கி ஊர்க்காரர்கள் கொடுத்த பழைய சாமான்களைப் போட்டுக் கடையைத் திறந்திருக்கிறார். முதலில் வேலை கேட்டு வந்த பெண்ணிடம் சக்கர நாற்காலி வாங்கக்கூட வசதி இல்லை, தரையில் தவழ்ந்து வந்தார் என்று அலீனாவே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அதே பெண் பிறகு ஒரு கிளையையே நடத்தினார். 2023 நவம்பரில் உச்ச நீதிமன்ற வளாகத்திலேயே ஒரு கிளை வந்துவிட்டது, அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட்தான் திறந்து வைத்தார்.

சரி, வரலாறு போதும். நான் சொல்ல வந்தது கடைக்கு வருகிற நம்மைப் பற்றி.

முதல் நாள் நான் செய்த கூத்தைச் சொல்கிறேன். பெங்களூரில் பை டூ என்று ஒரு பழக்கம் உண்டு, வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஒரு காபி வாங்கி இரண்டு கப்பில் பாதிப் பாதியாக ஊற்றிக் கொடுப்பார்கள். தர்ஷினி என்று சொல்கிற, நின்றுகொண்டே சாப்பிடும் சின்ன ஓட்டல்கள் இங்கே உண்டு, எந்த தர்ஷினியில் போய் நின்றாலும் "பை டூ காபி" என்று ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். நானும் என் டீம் நண்பனும் தினமும் நாலு மணிக்கு அப்படித்தான். காசு மிச்சம் பிடிக்க இல்லை, முழுக் காபி குடித்தால் அவனுக்கு ராத்திரி தூக்கம் வராது.

கவுண்டரில் காது கேளாத ஒரு பெண் இருந்தார். "எனக்குக் காது கேட்காது, மெனுவில் தொட்டுக் காட்டுங்கள்" என்கிற மாதிரி ஓர் அட்டை கண்ணெதிரேயே வைத்திருந்தது. பிரெயில் மெனுவும் ஒன்று பக்கத்தில் இருந்தது. நான் எதையுமே பார்க்கவில்லை. மேனேஜரிடமிருந்து ஏதோ மெசேஜ், தலையைக் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டே "பை டூ" என்று சொல்லி இரண்டு விரலை நீட்டினேன். இரண்டு விரல் நீட்டினால் என்ன வரும்? இரண்டு முழுக் காபி வந்தது.

அப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும்? சிரித்துக்கொண்டே "இல்லைங்க, ஒன்றுதான்" என்று கையைக் காட்டியிருந்தால் முடிந்தது. வேறு எந்தக் கடையாக இருந்தாலும் கேட்டிருப்பேன், கொஞ்சம் குரலை உயர்த்திக்கூடக் கேட்டிருப்பேன். இங்கே பேசாமல் இரண்டுக்கும் காசு கொடுத்துவிட்டு, "பாவம், விடு" என்று நண்பனிடம் சொன்னேன். அவன் கேட்டான் பாருங்கள் ஒரு கேள்வி. "யாருடா பாவம்? போனைப் பார்த்துக்கிட்டே சொன்னது நீ."

அந்த "பாவம்" இருக்கிறதே, அதை இந்தக் கடையில் எத்தனை விதமாகப் பார்த்திருக்கிறேன் தெரியுமா. ஒருவர் ஐநூறு ரூபாய் நோட்டைக் கொடுத்து மீதியை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பெருமையாகத் திரும்புவார். கல்லாவில் இருக்கும் பையன் விடமாட்டான், எழுந்து வந்து மீதியைக் கையில் திணித்துவிட்டுப் போவான். அவருக்கு முகம் சுருங்கிவிடும். இன்னொரு அம்மா, சக்கர நாற்காலியில் இருப்பவரிடம் கேட்க வேண்டியதை அவருக்குப் பின்னால் நிற்பவரிடம் கேட்பார், "இவருக்குச் சம்பளம் எல்லாம் கொடுக்கறாங்களா?" என்று. அவர் அங்கேயேதான் இருக்கிறார், நன்றாகக் காது கேட்கும், மூன்று மொழி பேசுவார், அவரையே கேட்கலாம். காபி நன்றாக இருந்தால் "இவங்களே போட்டதா!" என்று ஒரு ஆச்சரியம் வேறு. வேறு யார் போடுவார்கள்?

அப்புறம் போன். ஆர்டர் கொடுத்த கையோடு போனை நீட்டி வீடியோ எடுப்பார்கள், ஒரு வார்த்தை கேட்பது கிடையாது. இதில் நான் யோக்கியன் இல்லை. இரண்டாவது தடவை போகும்போது நானும் கேமராவைப் பையில் போட்டுக்கொண்டுதான் போனேன், தலைப்புகூட மனதில் எழுதி வைத்திருந்தேன், கண்ணீர் எமோஜி மூன்று போட்டு. வெளியே எடுக்கவில்லை. எனக்கு முன்னால் நின்றவர் ஒரு பையனின் முகத்துக்கு நேரே போனைப் பிடித்து "சிரி, சிரி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பையன் சிரித்தான், ஆனால் பால் பொங்கிக்கொண்டிருந்தது, அவன் கண் முழுக்க அடுப்பில். அதனால்தான் இன்றைக்குக் கடையைக் காட்டாமல் பார்க்கிங்கில் வண்டிக்குள் உட்கார்ந்து பேசுகிறேன்.

பொறுமையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இப்போது யுபிஐ வந்துவிட்டதால் பாதி வரிசை ஸ்கேன் பண்ணிவிட்டு நகர்ந்துவிடுகிறது. ஒரு நாள் என் போனில் சார்ஜ் இல்லை, நூறு ரூபாய்த் தாள் கொடுத்தேன். டவுன் சிண்ட்ரோம் உள்ள தம்பி ஒருவர் மீதியை எண்ணினார். நோட்டைத் தனியாக, சில்லறையைத் தனியாக. ஒரு முறை எண்ணி, கலைத்து, மறுபடி எண்ணி, என் உள்ளங்கையில் வைத்தார். நான் கையை மூடிப் பாக்கெட்டில் போடப் போனேன். அவர் நகரவில்லை. என் கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். எண்ணிப் பார்க்க வேண்டுமாம். எண்ணினேன், சரியாக இருந்தது, தலையாட்டினேன், அப்புறம்தான் அடுத்த ஆளைப் பார்த்தார். பின்னால் ஒருவர் "உஃப்" என்று பெருமூச்சு விட்டார். மொத்தமே ஒரு நிமிடம் இருக்கும். அந்த மனிதர் கீழே வருவதற்கு லிஃப்டுக்கு அதைவிட அதிக நேரம் நின்றிருப்பார்.

2011 கணக்கெடுப்புப்படி நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள். 2016இல் வந்த சட்டம், முன்பு ஏழாக இருந்த குறைபாட்டு வகைகளை 21 ஆக்கியது, அரசு வேலையில் 4 சதவீத இட ஒதுக்கீடும் சொல்கிறது. எங்கள் அலுவலகம் தனியார்தான், ஆறு மாடி. மேலே ஆறு மாடியிலும் நான் பார்த்த மாற்றுத்திறனாளி ஊழியர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். கீழே காபிக் கடையில் மட்டும் எல்லோரும். கடையை மெச்சிக்கொண்டே லிஃப்டில் ஏறுகிறோம். இதைச் சொன்னால் எச்ஆருக்குப் பிடிக்காது, பரவாயில்லை.

சரி, அந்த பை டூ கதைக்கு வருகிறேன், அது முடியவில்லை. ஒரு வாரம் நான் இரண்டு முழுக் காபிக்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்தேன், என் நண்பன் பாதியைக் கீழே ஊற்றிக்கொண்டிருந்தான். அதை அந்தப் பெண் பார்த்துவிட்டார். அடுத்த நாள் நான் இரண்டு விரலை நீட்டியதும் கையைக் காட்டி நிறுத்தினார். தன் ஆள்காட்டி விரலை ஒன்றாக நீட்டி, இன்னொரு கையின் ஓரத்தால் அதன் நடுவில் கத்தி மாதிரி ஒரு வெட்டு. புருவத்தைத் தூக்கி, இதுவா? என்றார். அட, அதேதான்! ஒன்றை இரண்டாக வெட்டு, பை டூ. நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மட்டும் கொஞ்சம் கோபமாக, நான்கைந்து நாளாகக் காபியைக் கீழே ஊற்றினீர்களே என்று கையைக் காட்டினார். வீணாக்கினது அவருக்குப் பிடிக்கவில்லை. நியாயம்தானே, போட்டவருக்குத்தான் தெரியும். வாயைத் திறந்து முதல் நாளே சொல்லியிருந்தால், சரி, விரலைத் திறந்து சொல்லியிருந்தால், அத்தனை பாலும் மிச்சம்.

அதிலிருந்து வெட்டுதான். தூரத்தில் வரும்போதே வெட்டுவேன், அவர் தலையாட்டிவிடுவார். பஜ்ஜி ஆறியிருந்தால் ஆறியிருக்கிறது என்று சொல்வேன், உப்பு கூடினால் கூடியது என்பேன், நன்றாக இருந்தால் பேசாமல் சாப்பிட்டுவிட்டு வருவேன், எல்லாக் கடையிலும் செய்வது மாதிரி.

போன மாதம் நண்பனுக்குச் சென்னைக்கு மாற்றலாகிவிட்டது. நேற்று நான் தனியாகப் போனேன். என்னைப் பார்த்ததும் அவர் வழக்கம்போல விரலை வெட்டினார். நான் இல்லை என்று தலையாட்டி, ஒரு விரலை முழுசாக நீட்டினேன். அவர் தன் தாடையைத் தடவிக் காட்டினார், தாடிக்காரன் எங்கே என்று. சென்னைக்கு எப்படி சைகை காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை, பில்லின் பின்னால் எழுதிக் காட்டினேன். படித்துவிட்டு, உதட்டைப் பிதுக்கிவிட்டு, ஒரே கப்பில் முழுக் காபி ஊற்றிக் கொடுத்தார்.

பாதிதான் குடித்தேன். மீதியை ஊற்றாமல் மாடிக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டேன், அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.