ஜவ்வு கிழிந்த காலும் ஓர் அட்டை ஜிங்க் மாத்திரையும்

வணக்கம், எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? இன்றைய வீடியோ முழுக்க உட்கார்ந்தபடியேதான். ஏன் என்று கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்கிக் காட்டுகிறேன். பார்த்தீர்களா? ஸ்டூல் மேல் நீட்டி வைத்திருக்கிற இந்த இடது கால்தான் காரணம். மூன்று வாரத்துக்கு முன்னால் ஷட்டில் ஆடும்போது பக்கவாட்டில் மடங்கிவிட்டது. எலும்புக்கு ஒன்றுமில்லை, கணுக்காலின் வெளிப்பக்க ஜவ்வு பாதி கிழிந்திருக்கிறது என்றார் டாக்டர். வீக்கம் வடிந்துவிட்டது. இதோ, இந்த மஞ்சள் கறை மட்டும் பாக்கி.

கால் கிடக்கட்டும். நான் பேச வந்தது இந்த அட்டையைப் பற்றி. கிட்டே கொண்டு வருகிறேன், ஃபோகஸ் ஆகட்டும்... ஆங். ஜிங்க் சல்பேட் 220 மி.கி. கீழே பொடி எழுத்தில், அதில் துத்தநாகம், அதாவது ஜிங்க், மட்டும் 50 மி.கி. இதை டாக்டர் எழுதித் தரவில்லை. கூட ஆடும் நண்பர் மெடிக்கலில் வாங்கி வந்து, "தினம் ஒன்று போடு, ஜவ்வு சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும்" என்று கையில் திணித்துவிட்டுப் போனார். வெறும் வயிற்றில் ஒன்று போட்டேன். அரை மணி நேரம் குமட்டல். சரி, இது உண்மையிலேயே ஒட்ட வைக்குமா என்று தேட ஆரம்பித்தேன்.

இந்த 220க்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1967இல் வால்டர் போரிஸ் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், விமானப்படை இளைஞர்கள் 20 பேரை எடுத்துக்கொண்டார். எல்லோருக்கும் வாலெலும்புப் பக்கம் முடி புதைந்து சீழ் கட்டும் குழிக்கு, பைலோனிடல் சைனஸ் என்பார்கள், அறுவை நடந்து, புண்ணைத் தைக்காமல் தானாக ஆறும்படி விட்டிருந்தார்கள். பத்துப் பேருக்கு இதே 220 மி.கி. ஜிங்க் சல்பேட், நாளைக்கு மூன்று வேளை. மற்ற பத்துப் பேருக்கு இல்லை. மாத்திரை சாப்பிட்டவர்களுக்குச் சராசரியாக 46 நாளில் ஆறியது. சாப்பிடாதவர்களுக்கு 80 நாள். கேட்டதும் நானும் "அட" என்றுதான் அட்டையைத் திரும்ப எடுத்தேன்.

ஆனால் பின்னால் வந்தவர்கள் செய்து பார்த்தபோது இந்த அதிசயம் திரும்ப நடக்கவில்லை. குறிப்பாக, ரத்தத்தில் துத்தநாகம் போதுமான அளவு இருந்தவர்களிடம். ஆறாத கால் புண்களுக்கு ஜிங்க் மாத்திரை கொடுத்த சிறு ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்த, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்விலும் பலன் தெரியவில்லை. எனக்குப் புரிந்தது இதுதான்: பாதி காலியான குடத்தில் தண்ணீர் ஊற்றினால் நிறையும், நிறைந்த குடத்தில் ஊற்றினால் தரைதான் நனையும்.

குறை இருந்தால் அது சும்மா இல்லை. செல்கள் பிரிந்து பெருகவும், ஜவ்வுக்கு நூலாக இருக்கும் கொலாஜன் புரதம் கிழிந்தால் அதைக் கத்தரித்து அப்புறப்படுத்தவும் வேண்டிய என்சைம்கள் துத்தநாகத்தை வைத்துத்தான் இயங்குகின்றன. பழைய நூலை வெட்டி எடுக்காமல் புதுத் தையல் எப்படிப் போடுவது? மனிதருக்கு இந்தக் குறை வரும் என்று முதலில் பிடித்தவர் நம் நாட்டுக்காரர், பீகாரின் பக்சரில் பிறந்த ஆனந்த பிரசாத். ஈரானின் ஷிராஸில் வேலை பார்த்தபோது, 21 வயதில் பத்து வயதுப் பையன் போல வளராமல் நின்ற ஒருவரைப் பார்த்தார். அந்தக் கிராமங்களில் சாப்பாடு பெரும்பாலும் புளிக்க வைக்காத முழுக் கோதுமை ரொட்டி. 1961இல் அதை எழுதினார். அப்புறம் எகிப்தில் செய்த ஆய்வில் துத்தநாகக் குறையை உறுதி செய்தார்.

ரொட்டி என்ன பாவம் செய்தது? தானியத்திலும் பருப்பிலும் ஃபைட்டேட் என்று ஒன்று இருக்கிறது. அது துத்தநாகத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாமல் வெளியே இழுத்துப் போய்விடும். நம் நாட்டுப் பரிந்துரையில் ஆணுக்கு நாளைக்கு 17 மி.கி. என்று, அமெரிக்காவின் 11ஐ விடக் கூடுதலாக வைத்திருப்பதற்கு நம் தானியச் சாப்பாடும் ஒரு காரணம். இதோ, இந்தக் கிண்ணத்தைப் பாருங்கள். கொண்டைக்கடலை, ஒரு ராத்திரி ஊறி, ஒரு நாள் துணியில் கிடந்து, வால் விட்டிருக்கிறது. ஊறினாலும் முளைத்தாலும் புளித்தாலும் ஃபைட்டேட் குறையும். இட்லி மாவு பொங்குகிறதே, அங்கேயும் அதுதான் நடக்கிறது. கறி, நண்டு சாப்பிடுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. சைவம் என்றால் எள்ளும் பூசணி விதையும் கொஞ்சம் கூடுதலாக.

இப்போது அட்டைக்குத் திரும்புவோம். பெரியவர்களுக்கு நாளைக்கு உச்ச வரம்பு 40 மி.கி. என்கிறார்கள், இந்த ஒரு மாத்திரையே 50. டாக்டர் காரணத்தோடு சில நாள் கொடுத்தால் அது வேறு. நாமாக மாதக்கணக்கில் போட்டால், குடல் செல்களில் மெட்டலோதையோனின் என்ற புரதம் பெருகி, செம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். செம்பு உடம்புக்குக் கிடைக்காது. கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து முறுக்கேற்றும் என்சைமுக்கு வேண்டியதே செம்புதான்! ஜவ்வு ஒட்டட்டும் என்று விழுங்கினால் ஜவ்வின் முடிச்சையே தளர்த்திக்கொள்கிற கதை. ரத்தசோகை, கால் மரத்துப்போவது எல்லாம்கூட வரும். அட்டையை நண்பரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். வீடியோவுக்காக மட்டும் இன்று கேட்டு வாங்கியிருக்கிறேன்.

உண்மையில் நான் செய்த தப்பு வேறு. ஆட்டம் இல்லையே, குண்டாகிவிடுவோம் என்று முதல் வாரம் இரண்டு இட்லி, ரசம் சாதம் என்று குறைத்துக்கொண்டேன். போதாக்குறைக்கு ஊரிலிருந்து பெரியம்மா போனில், "முட்டை, மீன், கத்திரிக்காய் பக்கமே போகாதேடி, சீழ் வைக்கும்" என்று ஒரு பட்டியல். பெரியம்மா, நீங்கள் இதைப் பார்ப்பீர்கள் என்று தெரியும், கோபித்துக்கொள்ளாதீர்கள். கிருமி உள்ளே போனால்தான் சீழ் வைக்கும், முட்டையால் இல்லை. அசையாத கால் தசை வேகமாகக் கரையும், அப்போதுதான் புரதம் கூடுதலாக வேண்டும். காயம்பட்ட விளையாட்டு வீரர்களுக்குக் கிலோவுக்கு 1.6 கிராம் அளவில் சொல்கிறார்கள். நான் 60 கிலோ, ஆக 96 கிராம். ஒரு முட்டையில் ஆறுதான், கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அப்புறம் வைட்டமின் சி. 1740களில் ஆன்சன் என்ற ஆங்கிலக் கடற்படைத் தளபதியின் கப்பலில் ஸ்கர்வி என்ற வைட்டமின் சி குறை நோய் வந்தபோது, 1690இல் பாய்ன் போரில் காயம்பட்ட ஒரு கிழவருக்கு ஐம்பது வருடத்துக்கு முன் ஆறிய தழும்புகள் மறுபடி திறந்துகொண்டன என்று அந்தப் பயணக் குறிப்பில் இருக்கிறது. தழும்பு என்பது முடிந்துபோன வேலை இல்லை, உடம்பு அதை ஓயாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது, அதற்குச் சி வேண்டும். நூறு கிராம் கொய்யாவில் 200 மி.கி.க்கு மேல் இருக்கிறது. மாத்திரை எதற்கு?

பெரியம்மா சொன்னதில் ஒன்றை மட்டும் விடாமல் செய்கிறேன், ஆட்டுக்கால் சூப். எலும்பும் ஜவ்வும் வேகும்போது கொலாஜன் கரைந்து ஜெலட்டினாகச் சூப்பில் இறங்கும். அந்த ஜெலட்டினை 15 கிராம் வைட்டமின் சி-யோடு குடித்து ஒரு மணி நேரம் கழித்துக் கயிறு தாண்டியவர்களின் ரத்தத்தில் கொலாஜன் உருவாவதைக் காட்டும் அளவு இரட்டித்தது என்று 2017இல் ஓர் ஆய்வு வந்தது. எட்டுப் பேர்தான், அதுவும் நல்ல காலோடு இருந்தவர்கள், அதனால் ரொம்பவும் நம்பிவிடவில்லை. சூப்பில் எத்தனை கிராம் ஜெலட்டின் என்று யார் எடை போட்டார்கள்? ஆனாலும் ருசிக்குக் குறைவில்லை. எலுமிச்சையை மட்டும் இறக்கி ஆறிய பிறகு பிழிகிறேன், கொதிக்கும்போது பிழிந்தால் சி வீணாகும்.

விசில் கேட்டதா? ஆறாவது. நாலு மணிக்குப் பிசியோ, மூன்று மணிக்கு சூப். இருங்கள், நொண்டிக்கொண்டே போய் அடுப்பை அணைத்துவிட்டு வருகிறேன்.