ஜெர்மனிக்கு வந்திறங்கும் உக்ரைன் அகதிகள்: முதல் வாரங்களின் காகிதங்கள்

வணக்கம் நேயர்களே.

பெர்லினில் தேகல் என்ற பழைய விமான நிலையத்தை 2022இல் உக்ரைன் அகதிகளுக்கான வரவேற்பு மையமாக மாற்றினார்கள். அப்படியொரு மையத்தின் பதிவு மேசைக்கு இரண்டு நாள் ரயில் பயணம் முடித்து, தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டபடி ஒரு தாய் வருகிறார். அவரிடம் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று: "தங்குவதற்கு உங்களுக்கு இடம் இருக்கிறதா?" காதுக்கு இது வெறும் விசாரிப்பாகத்தான் கேட்கும். ஆனால் அவர் எந்த ஊரில் வாழப்போகிறார், பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகும் என்பதெல்லாம் அவர் சொல்லும் பதிலைப் பொறுத்தது.

"இல்லை" என்றால், கணினி அவரை நாட்டின் 16 மாநிலங்களில் ஒன்றுக்குப் பங்கிட்டு அனுப்பும். பங்கீட்டுக்குக் கணக்கு உண்டு. ஒரு மாநிலத்தின் வரி வருவாய்க்கு மூன்றில் இரண்டு பங்கும், மக்கள்தொகைக்கு மூன்றில் ஒரு பங்கும் எடை கொடுத்து, எந்த மாநிலம் எத்தனை பேரை ஏற்க வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள். "இருக்கிறது" என்றால் அதற்கு எழுத்தில் சான்று வேண்டும்: வீடு கொடுத்தவர் பெயர், முகவரி, குடியேறிய தேதி, கையெழுத்து. வீடு கொடுப்பவரே வாடகைக்கு இருப்பவரானால், வீட்டு உரிமையாளருக்கும் சொல்லிவிட வேண்டும். குடியேறி இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும் என்பது அங்கே எல்லோருக்கும் உள்ள சட்டம்.

தவறு நடப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். தெரிந்தவர் வீட்டில் "கொஞ்ச நாள்" என்று தங்குவார்கள். எங்கும் பதிய மாட்டார்கள். பிள்ளையை அக்கம்பக்கத்துப் பள்ளியில் சேர்க்க ஏற்பாடு செய்வார்கள். மூன்று மாதம் கழித்துப் பதிவுக்குப் போனால், வேறொரு மாநிலத்துக்குப் போகச் சொல்லி ஆணை வரும். போர் ஒரு முறை பிடுங்கி எறிந்த குழந்தையைப் படிவம் இன்னொரு முறை பிடுங்குகிறது. ஒரு மாநிலத்துக்கு ஒதுக்கிவிட்டால், அரசு உதவியில் வாழ்கிறவரை மூன்றாண்டு வரை அங்கேயே இருக்கச் சொல்ல முடியும். சமூகக் காப்பீட்டோடு வாரம் குறைந்தது 15 மணி நேரமாவது வேலை பார்த்து, வாழப் போதுமான சம்பளமும் கிடைத்தால் இந்தக் கட்டு தளரும்.

உக்ரைன் அகதிகளை ஜெர்மனியில் தங்கவைக்கும் இந்தத் தற்காலிகப் பாதுகாப்பு எங்கிருந்து வந்தது? யுகோஸ்லாவியப் போர்களின் படிப்பினையாக ஐரோப்பிய ஒன்றியம் 2001இல் தற்காலிகப் பாதுகாப்புச் சட்டம் ஒன்றை இயற்றியது. இருபது ஆண்டுகள் அது ஏட்டிலேயே கிடந்தது. ரஷ்யப் படையெடுப்பு தொடங்கி எட்டு நாள் கழித்து, 2022 மார்ச் 4 அன்று, முதல் முறையாக அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ஒன்றியம் முழுவதும் 40 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இதன் கீழ் வாழ்கிறார்கள். அவர்களில் 10 லட்சத்துக்கும் அதிகமானோர் ஜெர்மனியில்.

இது புகலிட வழக்கு அல்ல. 1980களில் ஜெர்மனிக்கு வந்த ஈழத் தமிழர் ஒவ்வொருவரும் தனக்கு நேர்ந்த துன்புறுத்தலைத் தனித்தனியாக நிரூபிக்க வேண்டியிருந்தது. உக்ரைன் குடிமகன் நிரூபிக்க வேண்டியது இரண்டுதான்: தான் யார் என்பது, 2022 பிப்ரவரி 24க்கு முன் உக்ரைனில் வாழ்ந்தது. அதனால், புரியாமல் புகலிட விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது. அதில் கடவுச்சீட்டைக் கொடுத்துவிட நேரும். தொடக்கத்தில் வேலைக்கும் தடை வரும். உக்ரைனில் இருந்த வேறு நாட்டவரில் சிலருக்கு மட்டுமே இந்தப் பாதுகாப்பு கிடைத்தது. மருத்துவம் படிக்கத் தமிழ்நாட்டிலிருந்து உக்ரைனுக்குப் போயிருந்த மாணவர்கள் வெளியே நின்றார்கள். சொந்த நாட்டுக்குப் பத்திரமாகத் திரும்ப முடியும் என்பதே காரணம்.

முகவரி பதிந்த பிறகு வெளிநாட்டவர் அலுவலகம். அங்கே படம் எடுத்து, கைரேகை வாங்கி, மத்தியப் பதிவேட்டில் ஏற்றுவார்கள். குடியிருப்பு அட்டை அச்சாகி வரப் பல வாரம், சில ஊர்களில் மாதக்கணக்கு ஆகும். அதுவரை கையில் இருப்பது இடைக்காலச் சான்று, ஜெர்மனில் ஃபிக்ஷியோன்ஸ்பெஷைனிகுங். பேர்தான் வாயில் நுழையாது. வேலை, வங்கிக் கணக்கு, உதவித்தொகை எல்லாம் அதை நம்பித்தான். வாங்கியதும் வாசலைத் தாண்டுவதற்கு முன் மூன்றைப் பார்த்துவிட வேண்டும்: இந்தப் பாதுகாப்பைத் தரும் குடியிருப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு குறிப்பிடப்பட்டிருக்கிறதா, வேலை செய்ய அனுமதி என்ற வரி இருக்கிறதா, பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா.

பெயர் விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஒலெக்ஸி என்ற பெயரின் கடைசி ஒலியை உக்ரைன் கடவுச்சீட்டு ரோமன் 'ஐ' போட்டு எழுதும். பிறப்புச் சான்றை மொழிபெயர்ப்பவர் ஜெர்மானிய முறைப்படி 'ஜே' போடுவார். பழைய சான்று ரஷ்ய மொழியில் இருந்தால் அதே ஆள் அலெக்ஸேய் ஆகிவிடுவார். ஒரே ஆள், மூன்று பெயர். கணினிக்கு மூன்று ஆட்கள். சில குடும்பப் பெயர்களோ ஆணுக்கு ஒரு வடிவம், பெண்ணுக்கு ஒரு வடிவம். அப்பா கோவால்ஸ்கி, அம்மாவும் மகளும் கோவால்ஸ்கா. இது தெரியாத எழுத்தர் இவர்கள் ஒரே குடும்பம்தானா என்று சந்தேகப்படுவார். போதாததற்கு, நடுவில் வரும் தந்தை வழிப் பெயரை இரண்டாம் பெயர் என்று படிவத்தில் ஏற்றிவிடுவார்கள். தகப்பன் பெயரை முன்னெழுத்தாகச் சுமந்து வெளிநாடு போன தமிழர்களுக்கு இந்தத் தலைவலியை விளக்க வேண்டியதில்லை. இதற்கு வழி எளிது. சான்றுகளை மொழிபெயர்க்கக் கொடுக்கும்போதே கடவுச்சீட்டு நகலையும் சேர்த்துக் கொடுத்து, அதிலுள்ள எழுத்தையே எழுதும்படி கேட்க வேண்டும். முடியாது என்றால், அடிக்குறிப்பிலாவது அதைக் குறிக்கச் சொல்ல வேண்டும்.

அடுத்தது பணம். 2022 ஜூன் 1 முதல் இவர்கள் ஜாப்சென்டர் என்ற வேலைவாய்ப்பு அலுவலகத்தின் பொறுப்பில் வந்தார்கள். 2024இல் தனியாக வாழும் பெரியவருக்கு மாதம் 563 யூரோ. அதோடு நியாயமான வாடகையும் மருத்துவக் காப்பீடும். விண்ணப்பம் எந்த நாள் கொடுத்தாலும் அந்த மாதம் 1ஆம் தேதியிலிருந்து கணக்கு. மாதத்தின் கடைசி நாள் கொடுத்தாலும் முழு மாதமும் சேரும். மறுநாள் கொடுத்தால் ஒரு மாதம் போச்சு. படிவம் நிரப்பத் தெரியாவிட்டாலும், உதவி கேட்கிறேன் என்று ஒரே வரி எழுதித் தேதி போட்டுக் கொடுத்துவிடலாம். மற்றதைப் பிறகு நிரப்பலாம். 2025 ஏப்ரல் 1க்குப் பின் வந்தவர்களைக் குறைவான உதவித் திட்டத்துக்கு மாற்றுவது என்று ஆளும் கூட்டணி ஒப்பந்தம் செய்துகொண்டது. அதனால் நாட்டுக்குள் வந்த தேதியைக் காட்டும் ரயில் சீட்டையோ எல்லை முத்திரையையோ தூக்கி எறியக் கூடாது.

பள்ளி, குழந்தைகள் காப்பகம் இரண்டுக்கும் தட்டம்மைத் தடுப்பூசி (இரண்டு வயது முடிந்தவர்களுக்கு இரண்டு தவணை) போட்டதற்குச் சான்று கேட்பார்கள். ஊசி அட்டை கீவிலோ கார்கிவிலோ வீட்டு அலமாரியில் இருக்கும். அங்கே யாராவது இருந்தால் படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம். இல்லையென்றால் மருத்துவரிடம் கேட்டு மீண்டும் போட்டுவிடுவதே குறுக்கு வழி. குழந்தை பாட்டியோடோ அத்தையோடோ வந்திருந்தால், பெற்றோர் எழுதிக் கொடுத்த அதிகாரக் கடிதம் வேண்டும். இளையோர் நல அலுவலகத்தைக் கண்டு ஒளியக் கூடாது. தானாகப் போய்ச் சொன்னவர்களுக்குத்தான் அங்கே வேலை சுலபமாக நடக்கிறது.

ஊரில் சாவு, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று உக்ரைனுக்குப் போய்வருவது குற்றமல்ல. ஆனால் உதவித்தொகை வாங்குகிறவர் புறப்படும் முன் ஜாப்சென்டரிடம் அனுமதி கேட்க வேண்டும். பொதுவாக ஆண்டுக்கு மூன்று வாரம் கொடுப்பார்கள். சொல்லாமல் போனால், திரும்பி வரும்போது பணத்தைத் திருப்பிக் கேட்கும் கடிதம் தபால் பெட்டியில் காத்திருக்கும்.

கடைசியாக அட்டையிலுள்ள தேதி. ஒன்றியம் பாதுகாப்பை 2027 மார்ச் 4 வரை நீட்டித்துவிட்டது. ஜெர்மனியில் நீட்டிப்பு அரசாணை மூலம் தானாகவே நடக்கிறது. உதாரணமாக, 2025 பிப்ரவரி 1 அன்று செல்லுபடியாக இருந்த அட்டைகள், யாரும் அலுவலகம் போகாமலேயே, 2026 மார்ச் 4 வரை நீண்டன. அட்டையில் மட்டும் பழைய தேதியே நிற்கும். வங்கிக்காரரும் வீட்டுக்காரரும் விமான நிலையச் சிப்பந்தியும் அதைப் பார்த்துக் காலாவதி என்பார்கள். அந்த அரசாணையை ஜெர்மனில் அச்செடுத்து, அட்டையோடு சேர்த்து மடித்துப் பையிலேயே வைத்திருங்கள் என்று, உங்களுக்குத் தெரிந்த உக்ரைன் குடும்பம் இருந்தால் சொல்லுங்கள்.