20 லிட்டர் தொட்டியில் ஒரு நாள்: மீன் தொட்டித் தண்ணீரின் வெப்பநிலை

[திரையில்: ஒரே மேசையில் இரண்டு மீன் தொட்டிகள். ஒன்று 20 லிட்டர், இன்னொன்று 200 லிட்டர். இரண்டிலும் தெர்மோமீட்டர்.]

ஒரே அறை, ஒரே வெயில், ஒரே இரவு. ஆனால் இந்த இரண்டு தொட்டிகளும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. அறை சூடானால் சின்னத் தொட்டியும் சீக்கிரமே சூடாகும். பெரிய தொட்டி மெதுவாகத்தான் அசையும். 20 கிலோ தண்ணீரைச் சூடாக்குவதும் 200 கிலோ தண்ணீரைச் சூடாக்குவதும் ஒன்றில்லையே.

அதனால் சின்னத் தொட்டி வைத்திருப்பவர்கள் "என் தொட்டியில் எத்தனை டிகிரி?" என்று கேட்பதோடு நிறுத்தக்கூடாது. காலைக்கும் மதியத்துக்கும் நடுவில் எத்தனை டிகிரி ஏறி இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். 25-லேயே நிற்கிற தண்ணீரும், 22-க்கும் 28-க்கும் நடுவில் தினமும் ஊசலாடுகிற தண்ணீரும் சராசரியில் ஒன்றுதான். மீனுக்கு அப்படியில்லை.

[திரையில்: மீனின் செவுள் அசைவு, மிக அருகில்.]

மீனுக்கு நம்மைப் போல உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ளும் ஏற்பாடு கிடையாது. பெரும்பாலான மீன்களுக்குத் தண்ணீரின் வெப்பநிலைதான் உடம்பின் வெப்பநிலை. பொதுவாகத் தண்ணீர் 10 டிகிரி ஏறினால் உடம்புக்குள் நடக்கும் வேலைகளின் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. ஆக்சிஜனும் அந்த அளவுக்கு அதிகம் தேவைப்படும்.

சிக்கல் இங்கேதான். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீரில் அதிகபட்சம் சுமார் 9 மில்லிகிராம். 30 டிகிரியில் சுமார் 7.5. மீன் அதிகம் கேட்கும் நேரத்தில் தண்ணீர் குறைவாகக் கொடுக்கிறது. வெயில் நாளில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் பசிக்கிறதென்று தீனி போட்டுவிடாதீர்கள். அவற்றுக்கு மூச்சு முட்டுகிறது.

மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவின் கதையும் இதேதான். தொட்டியில் இருக்கும் மொத்த அம்மோனியாவில் ஒரு பங்குதான் மீனைக் கொல்லும் வடிவத்தில் இருக்கும். பி.எச். (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) 8 உள்ள தண்ணீரில், 20 டிகிரியிலிருந்து 30-க்குப் போனால் அந்தப் பங்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. நேற்று வரை தாக்குப்பிடித்த அழுக்குத் தண்ணீர், வெயில் ஏறியதும் இன்று விஷமாவது இப்படித்தான்.

[திரையில்: மூன்று வகைத் தெர்மோமீட்டர்கள்.]

சரி, எதை வைத்து அளப்பது? கண்ணாடிக்கு வெளியே ஒட்டும் ஸ்டிக்கர் பார்க்க அழகு, நம்ப முடியாது. அது தண்ணீரை நேரடியாக அளப்பதில்லை. ஒரு பக்கம் கண்ணாடி, மறுபக்கம் அறைக் காற்று, இரண்டுக்கும் நடுவில் ஒரு எண்ணைக் காட்டும். உள்ளே ஒட்டும் கண்ணாடித் தெர்மோமீட்டர் அதைவிட எவ்வளவோ மேல். ஒயரோடு வரும் டிஜிட்டல் வாங்குவதென்றால், அன்றைய அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் நினைவில் வைத்திருக்கும் வகையைத் தேடுங்கள். நமக்கு வேண்டியது அந்த இரண்டு எண்கள்தான்.

எது வாங்கினாலும் ஒரு முறை சோதியுங்கள். ஒரு டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸ், இடைவெளி நிரம்பும் அளவு தண்ணீர். நன்றாகக் கலக்கி, தெர்மோமீட்டரை உள்ளே விட்டுச் சில நிமிடம் பொறுங்கள். 0 காட்ட வேண்டும். 1 காட்டினால் தூக்கிப் போட வேண்டாம், ஒரு டிகிரி கூட்டிச் சொல்கிறது என்று அதன் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். 0 டிகிரியைக் காட்டாத வகைகளும் உண்டு, அவற்றை இன்னொரு தெர்மோமீட்டரோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

பொருத்தும் இடம், ஹீட்டருக்கு எதிர் மூலை. ஹீட்டர் பக்கத்தில் வைத்தால் ஹீட்டரைத்தான் அளப்பீர்கள். ஒரு வாரத்துக்கு, விடியற்காலையில் ஒரு தடவை, மதிய வெயில் தாழும் நேரத்தில் ஒரு தடவை குறித்து வாருங்கள். இரண்டு டிகிரிக்குள் இருந்தால் கவலையில்லை. நான்கு, ஐந்து என்று போனால், எதையும் வாங்குவதற்கு முன்னால் தொட்டியின் இடத்தைப் பாருங்கள். ஜன்னல் வெயில், ஏசி காற்று, ஃப்ரிட்ஜின் பின்பக்கச் சூடு, இவற்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

[திரையில்: ஹீட்டர்கள், 25 வாட் முதல் 200 வாட் வரை.]

குளிர் காலத்துக்கு ஹீட்டர். லிட்டருக்கு ஒரு வாட் என்பது மீன் வளர்ப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. அறை மிகவும் குளிர்ந்தால் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். "எதற்கும் பெரிதாகவே வாங்கி வைப்போம்" என்பது மட்டும் வேண்டாம். ஹீட்டருக்குள் இருக்கும் தெர்மோஸ்டாட் ஒரு சின்ன சுவிட்ச். நாளாக ஆக அதன் முனைகள் ஒட்டிக்கொண்டு, அணையாமலே நின்றுவிடுவது உண்டு. அப்படி நின்றால் 20 லிட்டர் தண்ணீரை 50 வாட் ஹீட்டர் ஒரு டிகிரி ஏற்ற அரை மணி நேரம் ஆகும். 200 வாட்டுக்கு 7 நிமிடம் போதும், ஒரு மணி நேரத்தில் 8 டிகிரி. நீங்கள் வெளியே போய்த் திரும்புவதற்குள் முடிந்துவிடும். என்னைக் கேட்டால், ஹீட்டருக்குச் செலவழிக்கும் பணத்தில் பாதியை, தனியாக ப்ளக்கில் மாட்டும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவிக்கு ஒதுக்குங்கள். தெர்மோஸ்டாட் கைவிட்டாலும் அது மின்சாரத்தை நிறுத்திவிடும்.

ஹீட்டரை ஃபில்டர் தண்ணீர் விழும் பக்கம், கீழே தள்ளி வையுங்கள். தண்ணீர் மாற்றும்போது முதல் வேலை ஹீட்டர் ப்ளக்கைப் பிடுங்குவது. பிடுங்கியதும் கால் மணி நேரம் விட வேண்டும். தண்ணீர் இறங்கி, சூடான கண்ணாடிக் குழாய் காற்றில் நின்றால் விரிசல் விடும். அப்புறம் அந்தத் தொட்டியில் கை வைப்பது உங்கள் உயிருக்கே ஆபத்து. ஒயரும் ப்ளக்குக்குக் கீழே கொஞ்சம் தொங்கி, பிறகு மேலே ஏறட்டும். வழியும் தண்ணீர் ப்ளக்குக்குள் போகாமல் அங்கேயே சொட்டிவிடும்.

[திரையில்: தொட்டியின் மேல் சின்ன ஃபேன், அசையும் நீர்ப்பரப்பு.]

சூட்டைக் குறைக்க மலிவான வழி ஒரு சின்ன ஃபேன். நீர்ப்பரப்பின் குறுக்கே காற்று அடிக்க வேண்டும். வெறும் 100 மில்லி தண்ணீர் ஆவியானால்கூட, கணக்குப்படி அது 20 லிட்டரிலிருந்து எடுத்துப்போகும் வெப்பம் ஏறக்குறைய 3 டிகிரிக்குச் சமம். அறைச் சூடு திரும்ப உள்ளே வருவதால் முழுதாகக் கிடைக்காது. காற்றில் ஈரம் அதிகமான நாளில் இன்னும் குறையும். மூடியைத் திறந்தால் வலை போடுங்கள், ஃபைட்டர் மீன் வெளியே துள்ளும். ஆவியான தண்ணீரை ஈடுகட்டி ஊற்றிக்கொண்டே இருந்தால் உப்புகள் தொட்டியிலேயே தங்கிச் சேரும். ஆகவே வழக்கமான தண்ணீர் மாற்றத்தை விட்டுவிடாதீர்கள்.

ஐஸ் பாட்டில் போடலாமா? அரை லிட்டர் ஐஸ் 20 லிட்டரை இரண்டு டிகிரிக்கு மேல் இறக்கும். உருகியதும் தண்ணீர் மறுபடி ஏறும். எந்த ஊசலாட்டத்துக்குப் பயந்தோமோ அதை நாமே செய்ததாகிவிடும். அவசரத்துக்கு மட்டும், சின்ன பாட்டிலாக, மூடியபடி, தெர்மோமீட்டரைப் பார்த்துக்கொண்டே போடுங்கள். மணிக்கு ஒரு டிகிரிக்கு மேல் இறங்க விடாதீர்கள்.

தண்ணீர் மாற்றும்போதும் இதே கவனம் வேண்டும். விரலை விட்டுப் பார்த்து "சரியாத்தான் இருக்கு" என்று ஊற்றிவிடுகிறோம். இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் விரலுக்குத் தெரியாது. குளிர்ந்த தண்ணீர் விழுந்த சில நாளில் துடுப்பில் உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் வந்தால், அது ஒரு ஒட்டுண்ணியின் வேலை; அதற்கு இடம் கொடுத்தது பெரும்பாலும் இந்தக் குளிர்ச்சிதான். வாளியிலும் தெர்மோமீட்டரை வைத்துப் பாருங்கள்.

எத்தனை டிகிரி என்பதை மீன்தான் முடிவுசெய்யும். கப்பிக்கு 22 முதல் 28 வரை ஒத்துப்போகும். ஃபைட்டருக்கு 25-க்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது. தங்கமீனுக்கு 20-ஐ ஒட்டி, டிஸ்கஸுக்கு 28-க்கு மேல். இந்த இரண்டையும் ஒரே தொட்டியில் விட்டால் ஏதாவது ஒன்று எப்போதும் கஷ்டப்படும்.

[திரையில்: விளக்கு அணைந்த அறை, டார்ச் வெளிச்சத்தில் தொட்டி.]

மின்சாரம் போனால்? குளிர் நாளில் தொட்டியைச் சுற்றிப் போர்வையைக் கட்டுங்கள், மேலே காற்றுக்கு இடம் விட்டு. வெயில் நாளில் வெப்பத்தைவிட ஆக்சிஜன்தான் முதல் கவலை. பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் இருந்தால் போடுங்கள். இல்லாவிட்டால் ஒரு டம்ளரில் தொட்டித் தண்ணீரையே மொண்டு, ஒரு சாண் உயரத்திலிருந்து திரும்ப ஊற்றுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இருபது தடவை ஊற்றினாலும் உதவும். மின்சாரம் வரும் வரை தீனி போட வேண்டாம்.