டப்பெட் திருகில் கை வைப்பதற்கு முன்

நேயர்களுக்கு வணக்கம். பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவரிடம் வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்டால், "நன்றாக ஓடுகிறது, கொஞ்சம் டப்பெட் சத்தம்தான்" என்பார். வால்வைத் திறக்கும் பாகங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில் எழும் தட்டல்தான் அது. அந்தக் கொஞ்சத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். புஷ் ராடு வைத்த நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்களை மனதில் வைத்துச் சொல்கிறேன். இவற்றில் கேம் ஷாஃப்ட்டில் உள்ள கேமின் மேடு ஃபாலோயரைத் தூக்கும், அது புஷ் ராடு என்ற நீளக் கம்பியைத் தள்ளும், கம்பி ராக்கர் என்ற நெம்புகோலை ஆட்டி வால்வைத் திறக்கும்.

முதலில், அது டப்பெட் சத்தம்தானா? கேம் ஷாஃப்ட், பிஸ்டன் சுழற்றும் கிராங்கின் பாதி வேகத்தில்தான் சுற்றும். எஞ்சின் 1000 சுற்றில் ஓடினால் ஒரு வால்வு நிமிடத்துக்கு 500 தடவை திறந்து மூடும். அதனால் வால்வுப் பக்கத்துச் சத்தம், எஞ்சின் வேகத்துக்குப் பாதியாக, நிதானமான 'டிக் டிக்' என்று கேட்கும். பிஸ்டன் ஆடும் சத்தம் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அதிகமாக இருந்து, சூடேறியதும் அடங்கும். இதில் நிறையப் பேர் ஏமாறும் ஒன்று உண்டு. சைலன்சர் குழாய் ஹெட்டில் சேரும் இடத்தில் கசிவு இருந்தால், அதுவும் டப்பெட் போலவே 'டிக் டிக்' என்னும். இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதானே புகை வெளியேறுகிறது, தாளம் அப்படியே ஒத்துப்போகும். அந்த மூட்டில் கரிக்கறை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை ராக்கர் கவரில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டாலே பாதி சந்தேகம் தீரும்.

சரி, டப்பெட்தான் என்று தெரிந்துவிட்டது. உடனே ஸ்பேனரை எடுத்து இறுக்குவதுதான் வழக்கம். அங்கேதான் நான் தடுப்பேன். திருகைத் திருப்புவதற்கு முன், வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகங்களுக்கும் நடுவே இருக்கிற இடைவெளியை அளந்து, தேதியோடும் ஓடிய கிலோமீட்டரோடும் எழுதி வையுங்கள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், பிஸ்டன் கம்ப்ரெஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் இருக்க வேண்டும். அளவு வண்டிக்கு வண்டி மாறும். 1960களின் ட்ரையம்ஃப் 650 பானவில்லில் இன்லெட்டுக்கு அங்குலத்தில் ஆயிரத்தில் 2, எக்ஸாஸ்டுக்கு 4. பழைய இரும்பு பேரல் புல்லட்டிலோ இடைவெளியே கிடையாது. புஷ் ராடு விரலால் தடையின்றிச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது, அவ்வளவுதான்.

எழுதி வைத்தது அடுத்த முறை அளக்கும்போதுதான் உதவும். இடைவெளி கூடிக்கொண்டே போனால் ஏதோ தேய்கிறது: ராக்கர் முனை, திருகின் முனை, புஷ் ராடின் கிண்ணம், அல்லது கேம் மேல் உரசும் ஃபாலோயர். இடைவெளி குறைந்துகொண்டே போனால் வால்வு, மூடும்போது தான் உட்காரும் சீட்டுக்குள் இறங்குகிறது. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் ஆபத்து. சத்தமே இருக்காது. எஞ்சின் அமைதியாகிவிட்டது என்று சந்தோஷப்படுவோம். ஆனால் எக்ஸாஸ்ட் வால்வு முழுதாக மூடாமல், சூட்டைச் சீட்டுக்குக் கடத்த முடியாமல் எரிந்துபோகும்.

அளவு சரியாக வைத்தும் சத்தம் போகவில்லையா? ராக்கர் முனையைப் பாருங்கள். அங்கே ஒரு சிறு குழி விழுந்திருக்கும். இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜின் மெல்லிய தகடு குழியின் மேல் பாலம் போலக் கிடக்கும், அடியில் இருக்கும் இடைவெளி அதற்குத் தெரியாது. அப்புறம், ராக்கர் ஆடும் அச்சான ராக்கர் ஷாஃப்ட். ஒரு முனையைப் புஷ் ராடும் மறு முனையை வால்வு ஸ்பிரிங்கும் மேல்நோக்கித் தள்ளுவதால் ராக்கர் எப்போதும் மேலே அழுந்துகிறது. ஆகவே ஷாஃப்ட் தேய்வது அடிப்பக்கத்தில். கழற்றி நகத்தால் வருடினால் படி தட்டுப்படும்.

ஃபீலர் கேஜுக்குத் தெரியாத இன்னொன்று கேமின் மூக்கு, அதாவது வால்வைத் திறக்கும் அந்த மேடு. இடைவெளியை அளப்பது கேமின் வட்டப் பகுதியில். மூக்கு மொட்டையானாலும் அந்த அளவு மாறாது. வால்வு திறக்கும் உயரம்தான் குறையும். வண்டி இழுவை இழக்கும். எக்ஸாஸ்ட் கேம் மழுங்கினால் எரிந்த புகை முழுதாக வெளியேறாமல் கார்புரேட்டர் வழியாகப் 'பட் பட்' என்று திருப்பி உமிழும். ஆளுக்கு ஆள் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்துகொண்டிருப்பார்கள்! நகர்வை அளக்கும் டயல் கேஜை வால்வு ஸ்பிரிங்கின் மேல் தட்டில் நிறுத்தி எஞ்சினை மெல்லச் சுற்றுங்கள். வால்வு எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்து, கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். ஆயில் மாற்றும்போது காந்தத்தில் ஒட்டுவதையும் கவனியுங்கள். சாம்பல் நிறப் பசை என்றால் இயல்பான தேய்மானம். பளபளக்கும் செதில்கள் என்றால் கேமோ ஃபாலோயரோ உரிகிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழல்தான் வால்வு கைடு. அது தேய்ந்திருந்தால் புகையே காட்டிக்கொடுக்கும். இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை மூடி இறங்கி, மறுபடி திறக்கும்போது குப்பென்று நீலப்புகை வந்தால் பெரும்பாலும் கைடு. முறுக்கி ஓட்டும்போதெல்லாம் வந்துகொண்டே இருந்தால் பிஸ்டன் ரிங்கைச் சந்தேகப்படலாம்.

கேம் மாற்ற வேண்டி வந்தால் ஃபாலோயர்களையும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்த ஃபாலோயர் புதுக் கேமைச் சீக்கிரமே அரித்துவிடும். பொருத்தும்போது உரசும் முகங்களில் அதற்கென்றே விற்கும் கிரீஸைத் தாராளமாகத் தடவுங்கள். முதல் தடவை ஸ்டார்ட் ஆனதும் ஐட்லிங்கில் விடாமல், கொஞ்சம் வேகம் கூட்டியே ஓடவிடுங்கள். மெதுவாக ஓடினால் கேமுக்குப் போதுமான ஆயில் போய்ச் சேராது. நன்றி, வணக்கம்.