பெட்டிகளுக்கு ஓர் ஆள் வேண்டும்

மாண்பமை துணைவேந்தர் அவர்களே, பதிவாளர் அவர்களே, என்னை அழைத்த பல்கலைக்கழக நூலகர் அவர்களே, நாடகத்துறைத் தலைவர் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, பின்வரிசையில் நின்றுகொண்டிருக்கும் மாணவர்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம். துணைவேந்தர் அவர்கள் இன்னொரு கூட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டு வந்து அமர்ந்திருக்கிறார்கள். பதிவாளர் அவர்கள் காலையில் என்னோடு அடித்தளத்துக்கு இறங்கி வந்து, தாமே குனிந்து பழைய நாடக ஆவணப் பெட்டி ஒன்றைத் திறந்து பார்த்தார்கள். இருவருக்கும் என் நன்றி. நூலகருக்கு எவ்வளவு சொன்னாலும் போதாது. ஆளே இல்லாமல் இத்தனை வருஷம் அந்த அறையைப் பூட்டியாவது காப்பாற்றியிருக்கிறார்.

மூன்று விஷயங்கள் பேசலாம் என்று வந்தேன். பழைய போட்டோக்கள், அரங்க வடிவமைப்பு ஓவியங்கள், அப்புறம் பதிப்புரிமை.

போட்டோக்களில் இருந்து தொடங்குகிறேன். பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால், உள்ளே இருக்கும் அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த நெகட்டிவ் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த வாடை பக்கத்துப் பெட்டியையும் கெடுக்கும். அதைவிட மோசம், எளிதில் தீப்பற்றும் பழைய வகை நைட்ரேட் பிலிம். 1950களின் தொடக்கம் வரை புழக்கத்தில் இருந்தது. தீப்பிடித்தால் தண்ணீருக்குள்ளும் எரியும். இவற்றைக் குளிரறையில் தனியே வைக்க வேண்டும். மற்ற படங்களுக்கு ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள் ஏறி இறங்காமல் நின்றாலே பாதி வேலை முடிந்த மாதிரி. வாடை அடித்த பிறகு ஓடி வந்தால், கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான்.

இனி அரங்க ஓவியங்கள். இவற்றை வரைந்தவர்கள் சுவரில் மாட்டுவதற்காக வரையவில்லை. தச்சருக்கும் தையற்காரருக்கும் காட்டுவதற்காக வரைந்தார்கள். அதனால் கையில் கிடைத்த காகிதத்தில் எல்லாம் வரைந்தார்கள். ஒரே உறைக்குள் டிரேசிங் பேப்பர், நீர்வண்ணம், கரி ஓவியம், நீலத் தாளில் வெள்ளைக் கோடாக எடுத்த புளூபிரிண்ட் நகல் எல்லாம் கலந்து கிடக்கும். ஒன்றுக்கு மருந்து இன்னொன்றுக்கு நஞ்சு. அமிலத்தை முறிக்கச் சுண்ணச்சத்து சேர்த்த உறை சாதாரணக் காகிதத்துக்கு நல்லது. அதிலேயே புளூபிரிண்ட்டை வைத்தால் நீலம் வெளுத்துப் போகும். பாலியெஸ்டர் என்ற பிளாஸ்டிக் உறை போட்டோவுக்கு ஏற்றது. கரி ஓவியத்தை அதில் நுழைத்தால் நிலைமின்சாரம் கரியை உறிஞ்சி எடுத்துவிடும். இதெல்லாம் தெரிந்த ஒருவர் வேண்டாமா?

அமெரிக்காவில் இலினாய் பல்கலைக்கழகத்தில் மோட்லி தொகுப்பு இருக்கிறது. மோட்லி என்பது நாடக அரங்கும் உடையும் வடிவமைத்த மூன்று பெண்கள் சேர்ந்து வைத்துக்கொண்ட பெயர். அவர்களுடைய உடை ஓவியங்கள் பலவற்றில் துணித்துண்டும் ஒட்டியிருக்கிறது. அங்கேயே கொலம்பியா பல்கலைக்கழகத்தில், ஜோசப் அர்பன் என்ற அரங்க வடிவமைப்பாளரின் சிறிய அரங்க மாதிரிகள் 200-க்கும் மேல் இருக்கின்றன. அவர் மறைந்தது 1933-இல். அந்த அட்டை மாதிரிகள் இன்றும் நிற்கின்றன என்றால், அவற்றைச் சீர்செய்து வைக்க ஆள் போட்டார்கள் என்பதுதான் காரணம்.

இங்கே என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு நூலகத்தில், 'பலவகை' என்று எழுதிய ஒரு பெட்டியை என்னிடம் கொடுத்தார்கள். உள்ளே ஒரு படம். படிக்கட்டில் ஆறு பெண்கள், நாடக உடையில். பின்புறம் ஒரு எழுத்துகூட இல்லை. அதே பெட்டியில் ஓர் உடை ஓவியம், மூலையில் துருப்பிடித்த ஊசியால் குத்திய துணித்துண்டு. ஒருநாள் ஒரு வயதான அம்மா பேத்தியைத் தேடி வாசிப்பறைக்கு வந்தார். என் மேசையைக் கடந்து போனவர் நின்றுவிட்டார். அந்தத் துணித்துண்டைத் தொடாமல், விரலை மேலேயே வைத்துக்கொண்டு, "இது என் தையல் தம்பி" என்றார். அப்புறம் போட்டோவைக் காட்டினேன். மூன்றாவதாக நிற்பவருடைய உடையின் இடது கையைப் பார்க்கச் சொன்னார். மேடை ஏறுகிற நேரத்தில் அது கிழிந்துவிட்டதாம். திரைக்குப் பின்னால் நின்றபடியே தைத்தாராம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் தையல் தெரிகிறது! படிக்கட்டில் நாலு படிதான் நிஜம், மேலே இருப்பதெல்லாம் படுதாவில் வரைந்தது என்றார். ஆறு பேரையும் தெரியும் என்றார். எனக்கு அன்று பட்டியல் முடிக்க வேண்டிய அவசரம். "அடுத்த வாரம் வாங்கம்மா, உட்கார்ந்து எழுதிக்கொள்கிறேன்" என்றேன். சரி என்று போனார். அடுத்த வாரம் பேத்தி மட்டும் வந்தாள், நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க. பாட்டி இறந்து நாலு நாள் ஆகியிருந்தது.

ஆறு பெயர்களும் அவரோடு போயின. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறேனே, அன்று கும்பிட்டு நின்றவன் நான்தான். பெயர் கேட்டு எழுதுவதே வேலையாக ஓர் ஆள் அங்கே இருந்திருந்தால், ஒரு பென்சிலில் முடிந்திருக்கும். மென்மையான பென்சில், படத்தின் பின்புற ஓரம், அவ்வளவுதான். பால்பாயிண்ட் வேண்டாம், அழுத்தம் முன்பக்கம் தெரியும்.

'எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணிவிட்டோமே' என்று சொல்கிறவர்களுக்கும் இதே பதில்தான். ஸ்கேன் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் இயந்திரத்துக்கு அந்த இடது கையின் கதை தெரியாது. அந்தக் கோப்புகளையும் சில வருஷங்களுக்கு ஒருமுறை புதிய இடத்துக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கும் ஆள்தான் வேண்டும்.

பதிப்புரிமை பற்றிப் பேச நேரம் இல்லை. நாடகத்துறைத் தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார்.

துணைவேந்தர் அவர்களே, நான் கேட்பது புதுக் கட்டடம் இல்லை. நிரந்தரமான ஓர் ஆவணக் காப்பாளர் பணியிடம். தற்காலிகம் வேண்டாம், ஆறு மாதத் திட்டம் வேண்டாம். எந்தப் பெட்டியில் என்ன என்று பழகுவதற்கே ஒருவருக்கு இரண்டு வருஷம் ஆகும். விண்ணப்பத்தை நூலகரிடம் கொடுத்திருக்கிறேன். வருகிறவர் முதலில் திறக்க வேண்டிய பெட்டியையும் அதில் குறித்திருக்கிறேன். அடித்தளத்தில், தண்ணீர்க் குழாய்க்கு நேர் கீழே இருக்கிறது. அதை மட்டும் ஆள் வரும்வரை காத்திருக்காமல் இன்று மாலையே நகர்த்திவிடுங்கள். நன்றி, வணக்கம்.